கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னது

எங்க வீட்டுல யாரும் யாரையும் நேருக்கு நேரா திட்டுற பழக்கம் கிடையாது. எல்லாம் ஜெபத்துலதான். சாயங்காலம் விளக்கு போட்டதும் பாயை விரிச்சு உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அப்புறம் ஆளுக்கு ஒரு ஜெபம். கண்ணை மூடுறதுதான் தாமதம், அம்மா ஆரம்பிச்சிடுவாங்க. மாசக் கடைசின்னு தெரிஞ்சும் ஆளுங்களைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கிட்டு வர்றவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும் ஆண்டவரேம்பாங்க. அது அப்பாவுக்கு. அப்பா முறை வரும்போது, இந்த வீட்டுப் பெண்களுக்குப் பொறுமையுள்ள இருதயத்தைக் கட்டளையிடும்னு திருப்பிக் குடுப்பாங்க. நடுவுல ஆண்டவர் பாவம், தபால்காரர் மாதிரி ரெண்டு பக்கத்துக் கடுதாசியையும் வாங்கி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பார்.

இதுல ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தர் ஜெபம் பண்ணும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து, முடிச்சதும் ஆமென் சொல்லணும். ஆமென் சொன்னா, கேட்டது அத்தனைக்கும் நானும் சம்மதம்னு அர்த்தம். பிடிக்காத ஜெபத்துக்கு நான் வாயை மட்டும் அசைச்சுட்டு விட்டுடுவேன். நான் அப்படித்தான், சின்ன வயசுலேயே கேடி. அக்கா அப்படி இல்ல. வெளியில அவளும் எங்களை மாதிரி சின்னச் சின்னப் பொய் சொல்லுவா. ஜெபத்துல மட்டும் ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லமாட்டா. பீங்கான் தட்டை உடைச்சிருந்தா, நாங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி அவ ஜெபத்துல வந்துடும்.

இது எண்பதுகளோட கடைசி. ஆவடியில அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியோட குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு வேலை, செஞ்சு வர்ற உருப்படிகளை அளந்து பார்த்து, சரியா இருந்தா முத்திரை குத்துறது. ஒரு மயிரளவு கீறல் இருந்தாலும் குத்தமாட்டாங்க. ஃபோர்மேன் கெஞ்சினாலும் சரி, முறைச்சாலும் சரி. சர்ச்சுலயும் அப்பா பேச்சுன்னா அதுக்கு மேல கேள்வி கிடையாது.

அக்காவுக்கு வலிப்பு இருந்துச்சு. பன்னண்டாவது படிக்கும்போது முதல்ல வந்துச்சு. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில காட்டினா நம்ம சபைக்காரங்க நாலு பேர் அங்க வேலை செய்றாங்க, ஊருக்கே தெரிஞ்சிடும்னு, அம்மா அவளை ரயிலேத்திப் பட்டணத்துல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவாங்க. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. விடாம சாப்பிட்டா மாசக்கணக்கா ஒண்ணும் வராது. தாராளமா கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மாத்திரையை மட்டும் விடக் கூடாது, வந்தா என்ன செய்யணும்னு கூட இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்னார். அம்மா முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. மாத்திரை அட்டையை அடுப்படியில உளுந்து டப்பாக்குள்ள, உளுந்துக்கு அடியில புதைச்சு வைப்பாங்க. அக்கா கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு, சுவத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் முழுங்குவா. கூடத்துல உட்கார்ந்து அவ மாத்திரை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல.

வலிப்பு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவ இடது கட்டைவிரல் தனியாத் துடிக்க ஆரம்பிக்கும். அது எங்க நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம். இன்னிக்கும் யார் விரலாவது சும்மா ஆடினாக்கூட நான் பேசிக்கிட்டு இருக்கிறதை விட்டுட்டு அந்தக் கையையே பார்ப்பேன்.

அம்மாவை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. மறைக்கணும்னு அவங்க முதல்ல நினைக்கல. பூந்தமல்லியில இருந்து முதல்ல ஒரு இடம் வந்துச்சு. அப்போ அம்மாவே உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. அவங்க காப்பியைக் குடிச்சிட்டு, ரொம்ப அமைதியா, ஜெபிச்சுட்டுச் சொல்றோம்னாங்க. எங்க ஆளுங்க ஜெபிச்சுட்டுச் சொல்றோம்னா, வேண்டாம்னு அர்த்தம். போகட்டும், அதோட விட்டாங்களா? அவங்க சபைப் பெண்கள் கூட்டத்துல, ஆவடியில இன்னார் மகளுக்கு இப்படி ஒரு வியாதி, அந்தப் பிள்ளைக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்கன்னு விண்ணப்பம் வச்சிருக்காங்க. புறணி பேசுறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அம்மா அதைக் கேள்விப்பட்டு ராத்திரி முழுக்க அழுதாங்க. அதுக்கப்புறம் அம்மா வாயை இறுக்கி மூடிட்டாங்க.

அடுத்த இடம் கள்ளிக்குப்பத்துல இருந்து வந்துச்சு. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத் வேலை. அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். அந்த அம்மா சுத்தமான மெட்ராஸ்காரங்க. ஊரே அவங்களுக்கு நீ, வா, போதான். அம்மாவுக்கு அவங்க பேச்சு அவ்வளவாப் பிடிக்கல, ஆனா மாப்பிள்ளை தங்கம். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அந்த அம்மா நேராக் கேட்டாங்க:

"பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு எல்லாம் சொகமாத்தானே கீது?"

அம்மா கண் இமைக்காம, "கர்த்தருடைய கிருபை, ஒரு குறையும் இல்ல"ன்னாங்க. கர்த்தரை வேற இதுல ஏன் இழுத்தாங்களோ. அப்பா தரையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு கீறல் இருந்தாலும் முத்திரை குத்தாத மனுஷன், பெத்த மக விஷயத்துல தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

எங்க சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதுக்குத் தடை இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கன்னு போதகர் சபை முன்னாடி கேட்பார். எல்லா வீட்டுலயும் ஓலைன்னா சந்தோஷம், பொண்ணு வெட்கப்படும், சிநேகிதிகள் கிள்ளுவாங்க. எங்க வீட்டுல முதல் ஓலை அன்னிக்கு அம்மா என் கையை எடுத்து மடியில வச்சு நெரிச்சாங்க பாருங்க, வளையல் உடைஞ்சுது. போதகர் கேட்டுட்டு வழக்கம் போலக் கொஞ்சம் நிறுத்தினார். பூந்தமல்லிப் பேச்சு பஸ் ஏறி வந்து பின் பெஞ்சுல உட்கார்ந்திருக்குமோன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரோ இருமினாங்க. அவ்வளவுதான், ஒருத்தரும் எழுந்திருக்கல.

ரெண்டாவது ஓலை முடிஞ்ச அன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மா ஜாக்கெட் அளவு கேட்டு வந்து, பேச்சு சுவாரசியத்துல அடுப்படி வாசல்லயே குந்திட்டாங்க. சாயங்காலம் ஆயிடுச்சு, எழுந்திருக்கிற வழியா இல்ல. அவங்க கண்ணு முன்னாடி உளுந்து டப்பாவை எப்படித் திறக்கிறது? அம்மா அவங்களை எப்படியோ நைஸாக் கூடத்துக்குத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள நேரம் தப்பிடுச்சு. அக்கா அடுப்படியில என்கூட நின்னுக்கிட்டு இருந்தா. கட்டைவிரல் துடிச்சுது. நான் அவளை அணைச்சுப் பிடிக்கிறதுக்குள்ள சரிஞ்சிட்டா. சமையல் ஏனம் ரெண்டு உருண்டு சத்தம் போட்டுது. அந்த நிமிஷம் கூடத்துல இருந்து அம்மா குரல், தொண்டை கிழியக் கீர்த்தனை பாட ஆரம்பிச்சிடுச்சு. நான் அக்காவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, அவ தலை தரையில மோதாம என் மடியில தாங்கிக்கிட்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சரணத்துக்கு மேல சரணமாப் பாடிக்கிட்டே இருந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவும் கூடச் சேர்ந்து, தாளம் போட்டுப் பாடினாங்க. நல்ல குரல் அவங்களுக்கு.

அவங்க போனதும் அக்கா எழுந்து முகம் கழுவிட்டு வந்து அம்மா முன்னாடி நின்னா. எங்க வீட்டுல கண்ணைத் திறந்துக்கிட்டு நடந்த முதல் சண்டை அதுதான். சொல்லிடலாம்மா, பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா நான் அங்க எப்படி மாத்திரை சாப்பிடுவேன், எந்த டப்பாவுல ஒளிப்பேன்னு கேட்டா. முதல்ல தாலி ஏறட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னாங்க அம்மா. உண்மையைச் சொல்லித்தானே ஒரு இடம் போச்சு, உனக்குப் பின்னாடி இன்னொருத்தி நிக்கிறாளேன்னு என்னையும் இழுத்தாங்க. எனக்கு அப்போ கல்யாணமே வேண்டாம்னு கத்தணும் போல இருந்துச்சு. அக்கா கத்தல. மெதுவாத்தான் கேட்டா:

"நாளைக்கு அவங்க வீட்டு அடுப்படியில நான் விழுந்தா, யாரும்மா பாடுவா?"

அம்மா "ஏட்டி, என்னைக் கொல்லாத"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டாங்க. அப்பா வேதத்தை எடுத்துப் பிரிச்சாங்க. புருஷனும் பெண்சாதியும் ஒத்துப் பேசிக்கிட்டுப் பொய் சொல்லி, அங்கேயே செத்து விழுந்த இடம் அன்னிக்கு வரிசையில வந்துச்சு. அப்பா சத்தமில்லாம அதைத் தாண்டி அடுத்த அதிகாரத்தை வாசிச்சாங்க.

மூணாவது ஓலை அன்னிக்கு மாப்பிள்ளையும் அவங்க அம்மாவும் காலையிலேயே எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, சேர்ந்து சர்ச்சுக்குப் போகலாம்னு. காலை மாத்திரை போச்சு. ஓலை வாசிச்சாங்க, யாரும் எழுந்திருக்கல, அம்மா முகம் தெளிஞ்சுது. இனிமே தடை சொல்ல யாராலயும் முடியாதுன்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு. சர்ச்சுல இருந்து எல்லாரும் அப்படியே சாப்பாட்டுக்கு எங்க வீடு. சாப்பிட்டதும் அந்த அம்மா, வெயில் தாங்கலைன்னு காத்து வர்ற இடமாப் பார்த்து அடுப்படி வாசல்ல முந்தானையை விரிச்சுப் படுத்துட்டாங்க. சாயங்காலம் போதகர் வந்து கல்யாணச் சேலையை வச்சு ஜெபம் பண்ணணும்னு ஏற்பாடு. அவர் வர்ற வரைக்கும் அவங்க அந்த இடத்தை விட்டு அசையல. சாயங்கால மாத்திரைக்கும் நேரம் வந்துடுச்சு. அக்கா என்னைப் பார்த்தா. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணாலேயே, ஜெபம் முடியட்டும்னாங்க.

கூடத்துல பாய் விரிச்சு நடுவுல சேலையை வச்சோம். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். போதகர் சுருக்கமா ரெண்டு வார்த்தை பேசிட்டு, ஆளுக்கு ஒரு ஜெபம் பண்ணுவோம், பொண்ணுகிட்ட இருந்து ஆரம்பிக்கட்டும்னார். எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் மூடல. அக்கா கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கட்டைவிரல் துடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அவ வலது கையால அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆண்டவரே, இப்ப வேண்டாம், இப்ப மட்டும் வேண்டாம்னு நான் உள்ளுக்குள்ள கதறிக்கிட்டு இருக்கேன், அக்கா பேச ஆரம்பிச்சா.

"ஆண்டவரே, இந்தச் சேலைக்காக ஸ்தோத்திரம். இதைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு வலிப்பு உண்டு."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"னு அம்மா குரல் மேல எழும்பிச்சு. ஜெபத்துக்கு நடுவுல பேசத்தான் கூடாது, ஸ்தோத்திரம் சொல்லலாம். கீர்த்தனை பாடின அதே குரல். அக்கா நிறுத்தல. அம்மா மூச்சு வாங்குற இடைவெளியிலெல்லாம் அவ வார்த்தை தெளிவாக் கேட்டுது. அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன், மாசக்கணக்கா வரல, ரெண்டாவது ஓலை அன்னிக்கு இந்த வீட்டு அடுப்படியில வந்துச்சு, அப்போ மாப்பிள்ளையோட அம்மா கூடத்துல பாடிக்கிட்டு இருந்தாங்க, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா. அம்மாவோட ஸ்தோத்திரம் மெல்ல மெல்லத் தேய்ஞ்சு அடங்கிடுச்சு. அக்கா கடைசியாச் சொன்னா:

"எங்கம்மா சொல்லணும்னுதான் இருந்தாங்க ஆண்டவரே. நான்தான் சொல்ல வேண்டாம்னு தடுத்தேன். குத்தம் என்னோடது. எங்கம்மாவை யாரும் தப்பா நினைக்க வேண்டாம்."

ஜெபத்துல ஒரு சொல் கூடக் குறையச் சொல்லாதவ, அத்தனை பேர் முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு பொய் சொல்லிட்டா. அம்மாவுக்காக.

இப்ப ஆமென் சொல்லணும். ஒருத்தரும் சொல்லல. நான் அம்மாவைப் பார்த்தேன். ஆமென்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், தப்பிச்சுக்கலாம். மக தாங்கிக்கிட்டா, பழி தீர்ந்துது. அம்மா உதடு அசைஞ்சுது. சத்தம் வரல. அம்மா எப்பவும் ஜெபம்னா வேத பாஷையிலதான் பண்ணுவாங்க, இருக்கிறீரே, அருளுகிறீரேன்னு. அன்னிக்கு வந்த குரல் அவங்க பிறந்த ஊர்க் குரல்.

"பிள்ள பொய் சொல்லுதா ஐயா. நாந்தான் அவ வாயப் பொத்துனேன். இந்த அம்மா என் முகத்தப் பார்த்துக் கேட்டாவ. நான் உம்ம பேரச் சொல்லிப் பொய் சொன்னேன்."

அதுக்கு மேல அவங்களால முடியல. அப்பா குரல் கேட்டுது. "நானும்தான் ஆண்டவரே." அவ்வளவுதான் அப்பா சொன்னாங்க. அப்பா அழுது நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல.

ஒவ்வொருத்தராக் கண்ணைத் திறந்தாங்க. மாப்பிள்ளை சேலையையே பார்த்துக்கிட்டு இருந்தார். முகத்துல ஒண்ணும் தெரியல. அவங்க அம்மா மட்டும் கண்ணைத் திறக்கல. நான் மனசுக்குள்ள அடுத்த வார்த்தையை எழுதி வச்சுட்டேன், ஜெபிச்சுட்டுச் சொல்றோம்னு. சேலையை எடுத்துப் பையில வச்சுக்குவாங்க, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அப்பா கூடப் போவாங்க, அடுத்த வாரம் கள்ளிக்குப்பத்துப் பெண்கள் கூட்டத்துல எங்க அக்காவுக்காகப் பாரத்தோட ஜெபிப்பாங்க. எல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தாங்க. யாரையும் பார்க்கல. அக்கா கையைத்தான் பார்த்தாங்க.

"கை இன்னாத்துக்கு இப்டி ஆடுது?"

மாத்திரை நேரம் தாண்டிடுச்சு, காலையிலயும் சாப்பிடலன்னா அக்கா. ஏன் சாப்பிடலன்னு அவங்க கேட்டாங்க. நீங்க அடுப்படி வாசல்ல இருந்தீங்கன்னு அக்கா சொன்னா. அந்த அம்மா நகர்ந்து வந்து அக்கா கையைத் தன் கைக்குள்ள பொத்திப் பிடிச்சாங்க.

"மொதல்ல அத்தப் போடு. ஜெபம் எங்கியும் ஓடிப் பூடாது."

அம்மா பதறிக்கிட்டு எழுந்தாங்க. அந்த அம்மா நீ குந்துன்னு கையமர்த்திட்டு மகனைப் பார்த்தாங்க. "நீ போடா. நாளைக்கு நீதானே எட்த்துக் குடுக்கணும்." மாப்பிள்ளை எழுந்து அடுப்படிக்குள்ள போனார். எங்க வீட்டு அடுப்படியில ஒரு மாப்பிள்ளை நின்னு, வரிசையா இருந்த டப்பாக்களைப் பார்த்து முழிச்சிக்கிட்டு இருந்தார். மாத்திரை எங்க இருக்குதுங்கன்னு அங்கிருந்தே கேட்டார். அத்தனை வருஷம் பூட்டி வச்ச இடம்.

"உளுந்து டப்பாவுல, தம்பி. அடியில கிடக்கும்"னு அம்மாதான் சொன்னாங்க.

அவர் டப்பாவைத் தரையில வச்சு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவி அட்டையை எடுத்தார். சட்டையெல்லாம் உளுந்துத் தூசி. அக்கா கூடத்துல, போதகருக்கு எதிர்ல, எல்லாரும் பார்க்க மாத்திரையை முழுங்கினா. பாயில அவளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. விரல் இன்னும் கொஞ்ச நேரம் துடிச்சுட்டு அடங்கிடுச்சு. வலிப்பு வரல. மாப்பிள்ளை பக்கத்துலயே உட்கார்ந்து, வந்தா என்ன பண்ணணும், தண்ணி குடுக்கலாமா கூடாதான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்.

அந்த அம்மா சேலையைப் பையில வைக்கல. மடிப்பைச் சரி பண்ணி அக்கா தலைமாட்டுல வச்சாங்க. அதுக்கப்புறம்தான் முதல் தடவையா எங்கம்மா பக்கம் திரும்பினாங்க. கோபமா இருந்தா நான் தாங்கிக்கிட்டிருப்பேன், கோபம் இல்ல.

"பொண்ண நான் நம்பறேன். உன்ன நம்ப எனக்கு நாளாவும், சம்பந்திம்மா."

அம்மா தலை நிமிரல. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஆமென்"னாங்க.